ஈறு நோய்க் கிருமியின் புரதங்கள் நம் செல்களை உண்மையில் என்ன செய்கின்றன?

தூறல் கேட்டது:

வணக்கம். போன மாதம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். மெல்லிய கம்பி மாதிரி ஒரு அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு விட்டு எடுத்து, பக்கத்தில் இருந்த உதவியாளரிடம் "மூன்று, மூன்று, ஐந்து, ஆறு" என்று சொல்லிக்கொண்டே போனார். எண் ஏற ஏற எனக்கு வயிற்றைக் கலக்கியது. கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டில் 6 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பை விழுந்திருக்கிறது, எக்ஸ்ரேயில் எலும்பும் கொஞ்சம் கரைந்து இறங்கியிருக்கிறது என்றார். வலி என்று ஒரு நாள்கூட இருந்ததில்லை. பல் தேய்க்கும்போது எச்சிலில் லேசாக ரத்தம் வரும், பிரஷ்ஷை அழுத்திவிட்டேன் போலிருக்கிறது என்று பல வருடமாகப் பொருட்படுத்தாமலே இருந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ராத்திரி உட்கார்ந்து இதைப் பற்றியே படிக்கிறேன், படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற கிருமி ஜிஞ்சிபெயின் என்ற புரதங்களை வெளியே விடுகிறது, அது ஈறு செல்களைச் சிதைக்கிறது என்று ஒரு இடத்தில் இருக்கிறது. இன்னொரு இடத்தில், எலும்பைக் கரைப்பது கிருமி இல்லை, நம் உடம்பின் எதிர்ப்பு சக்திதான் என்கிறார்கள். மூன்றாவது இடத்தில் அந்தப் புரதம் எதிர்ப்பு சக்தியையே முடக்கிவிடும் என்று எழுதியிருக்கிறது. முடக்கிவிட்டால் அப்புறம் எலும்பை யார் கரைப்பது?

அமிலம் ஊற்றின மாதிரி செல்லை அழிக்கிறதா, இல்லை வேறு ஏதாவது நுணுக்கமாகச் செய்கிறதா? அழிக்கிறது என்றால் ஏன் வலிக்கவில்லை? லிப்போபாலிசாக்கரைடு என்று ஒன்றையும் எல்லா இடத்திலும் பார்க்கிறேன், அதுவும் இந்தப் புரதங்களில் ஒன்றா? நான் படித்தது வணிகவியல், உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி. நீளமாக எழுதினாலும் பொறுமையாகப் படிப்பேன்.

கருவேலன்:

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதற்கு விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள். லிப்போபாலிசாக்கரைடு புரதமே இல்லை. கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பெரிய மூலக்கூறு, இந்த வகைக் கிருமிகளின் வெளிச்சவ்வு முழுக்கப் பதிந்திருக்கும். நம் செல்களில் இருக்கும் டிஎல்ஆர்-4 என்ற உணர்வி அதை மோப்பம் பிடித்துத்தான் "கிருமி வந்துவிட்டது" என்று சத்தம் போடும். ஜிஞ்சிவாலிஸ் அந்த மூலக்கூறின் வடிவத்தையே சூழ்நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளக் கூடியது, சில வடிவங்கள் அந்த உணர்வியைத் தூண்டாமல் அடைத்துக்கொள்ளும். புரதங்கள் தனிக் கதை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி எழுதுபவர்கள் நிறைய.

செல்தட்டு:

தூறல், நீங்கள் படித்த மூன்றும் சரிதான். முரண்பாடு மாதிரி தெரிகிறதே தவிர மூன்றும் ஒரே நிகழ்ச்சியின் மூன்று பக்கங்கள். முனைவர் பட்டத்துக்காக நான்கு வருடம் இந்தக் கிருமியோடுதான் குடித்தனம், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

முதலில் அதன் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். வாயில் இருக்கும் பல கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடும், பற்சொத்தை அப்படித்தான் வருகிறது. ஜிஞ்சிவாலிஸ் சர்க்கரையைச் சீண்டுவதே இல்லை என்று சொல்லலாம். புரதத்தை நறுக்கிக் கிடைக்கும் சின்னத் துண்டுகள்தான் அதற்கு ஆகாரம். கூடவே ரத்தத்தில் இருக்கும் ஹீம் வேண்டும், அதாவது இரும்பு கோத்த அந்தச் சிவப்புப் பொருள். ஆக்ஸிஜன் ஆகாது. கிருமி வளர்க்கும் கூழான அகாரில் ரத்தம் கலந்த தட்டில், ஆக்ஸிஜன் இல்லாத பெட்டிக்குள் வைத்து ஒரு வாரம் போல விட்டால் புள்ளி புள்ளியாக முளைக்கும் கூட்டங்கள் முதலில் வெளிறிய நிறத்தில் இருந்து, நாளாக ஆக அடர் பழுப்பாகி, கடைசியில் கருகருவென்று ஆகிவிடும். அந்தக் கறுப்பு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை உடைத்து எடுத்த ஹீமைத் தன் மேலேயே அப்பிக்கொள்வதால் வருவது. கேஜிபி என்ற ஒரு ஜிஞ்சிபெயினுக்கான ஜீனை மட்டும் நீக்கிவிட்டு வளர்த்தால் அதே தட்டில் அதே ரத்தத்தில் கூட்டங்கள் கறுக்காது. இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் தடவை பார்த்த அன்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரே ஒரு புரதம் இல்லாமல் போனதற்கு இவ்வளவு வித்தியாசமா என்று.

ஆக, ஜிஞ்சிபெயின்கள் என்பவை வெட்டும் நொதிகள். மூன்று உண்டு. ஆர்ஜிபி-ஏ, ஆர்ஜிபி-பி இரண்டும் புரதச் சங்கிலியில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்கு அடுத்து வெட்டும், கேஜிபி லைசினுக்கு அடுத்து வெட்டும். இந்தக் கிருமி வெளியே செய்யும் புரத வெட்டுவேலையில் சுமார் 85 சதவீதம் இந்த மூன்றின் கைவரிசை.

இப்போது "அமிலம் மாதிரியா" என்ற உங்கள் கேள்வி. செல் வளர்ப்பு செய்யும் யாருக்கும் டிரிப்சின் என்றால் தெரியும். தட்டின் அடியில் ஒட்டிப் பரந்து வளர்ந்திருக்கும் செல்களை எடுத்து வேறு தட்டுக்கு மாற்ற வேண்டுமென்றால் டிரிப்சின் ஊற்றுவோம், சில நிமிடத்தில் செல்கள் பிடியை விட்டு உருண்டு மிதக்கும். டிரிப்சின் வெட்டும் இடம் எது தெரியுமா? ஆர்ஜினினும் லைசினும்தான். ஜிஞ்சிபெயின்கள் அதே வேலையை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டவை. ஈறின் நார்த்திசு செல்கள் மேல் இந்த நொதியை விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நீள நீளமாக, கூர்ந்த முனைகளோடு படுத்திருந்த செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக முனையை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒன்றையொன்று விட்டு விலகி, பாசிமணி மாதிரி உருண்டு நிற்கும். அந்த நேரத்தில் செல் சாகவில்லை. பக்கத்துச் செல்லைப் பிடித்திருக்கும் கேட்ஹெரின் என்ற புரதமும் தரையைப் பிடித்திருக்கும் இன்டெக்ரினும் வெட்டுப்பட்டதால் பிடி போய்விட்டது, அவ்வளவுதான். பிடி இல்லாமல் ரொம்ப நேரம் இருக்கும் செல் அப்புறம் தானாகவே சாகும் வழிக்குப் போகிறது.

ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. டிரிப்சினை நிறுத்த நாங்கள் கொஞ்சம் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தெளிந்த நீர்) கலந்த திரவத்தை ஊற்றினால் போதும், அதிலிருக்கும் தடுப்புப் புரதங்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். ஜிஞ்சிபெயின் வேறு வகை நொதி, சீரம் அதை அவ்வளவு சுலபமாக அடக்காது, அந்தத் தடுப்புப் புரதங்களிலேயே சிலவற்றை இது வெட்டிவிடும். ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால் உங்கள் 6 மில்லிமீட்டர் பை அதற்கு வாகான இடம்.

இதுவரை சொன்னது மொத்த வெட்டு. இனிமேல்தான் நீங்கள் கேட்ட நுணுக்கம் வருகிறது, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். நம் செல்களின் மேல் பிஏஆர்-2 என்று ஒரு உணர்வி இருக்கிறது. மற்ற உணர்விகளுக்கு வெளியிலிருந்து ஒரு மூலக்கூறு வந்து பொருந்த வேண்டும். இதற்கு அப்படி இல்லை. இதன் வெளி நுனியைச் சரியான இடத்தில் ஒரு நொதி நறுக்கினால், நறுக்கிய பிறகு மிச்சமிருக்கும் நுனி தானே மடங்கி வந்து தன் மேலேயே பொருந்தி அலாரத்தை அடிக்கும். சாவி பூட்டிலேயே தொங்குகிறது, அதை மூடியிருக்கும் உறையைக் கிழித்தால் போதும். ஆர்ஜினின் ஜிஞ்சிபெயின்கள் அந்த உறையை அச்சு அசலாக அதே இடத்தில் வெட்டுகின்றன. உடனே செல் இன்டர்லூக்கின்-6 மாதிரி அழற்சிச் செய்திகளை அனுப்ப ஆரம்பிக்கிறது. பிஏஆர்-2 இல்லாமல் பிறக்கவைத்த எலிகளுக்கு இந்தக் கிருமியைக் கொடுத்தால் எலும்பு இழப்பு குறைவாகத்தான் இருக்கிறது.

அடுத்தது சி5. கிருமிகளை எதிர்க்க ரத்தத்தில் மிதக்கும் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டத்தில் ஒன்று. ஜிஞ்சிபெயின் அதை வெட்டி சி5ஏ என்ற துண்டை விடுவிக்கிறது, அது நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களைக் கூவி அழைக்கும் செய்தி. தன்னைக் கொல்ல வருபவனைத் தானே ஏன் ஒரு கிருமி அழைக்கிறது? வந்த நியூட்ரோஃபிலின் மேல் சி5ஏ-யின் உணர்வியையும் டிஎல்ஆர்-2 என்ற இன்னொரு உணர்வியையும் ஒரே நேரத்தில் தூண்டிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து அடிக்கும்போது செல்லுக்குள் கிருமியைக் கொல்லும் பாதை அடைபட்டு, அழற்சியைக் கூட்டும் பாதை மட்டும் திறந்து கிடக்கிறது. நியூட்ரோஃபில் கத்தும், ஆனால் விழுங்காது. அழற்சி கூடினால் ரத்தக் குழாய் கசியும், ஈறில் ரத்தம் வரும், கிருமிக்கு ஹீமும் புரதமும் வந்து சேரும். அதற்கு வேண்டியது அதுதான். 2011இல் எலிகளில் காட்டினார்கள், மொத்தக் கிருமிகளில் 0.01 சதவீதத்துக்கும் குறைவாக ஜிஞ்சிவாலிஸ் இருந்தாலே போதும், மற்றக் கிருமிகள் பெருகி எலும்பு கரைந்தது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிக்கு இதை மட்டும் தனியாகக் கொடுத்தபோது அப்படிக் கரையவில்லை.

"எலும்பை யார் கரைப்பது" என்றால், ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற நம் சொந்தச் செல்கள்தான். அழற்சியில் ராங்க்-எல் என்ற செய்தி கூடினால் அவை பெருகும், ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்ற புரதம் அந்தச் செய்தியை வழிமறித்துச் சமநிலையில் வைத்திருக்கும். ஜிஞ்சிபெயின் அந்த வழிமறிப்பவரையும் வெட்டுகிறது. எலும்பைத் தொடாமலே எலும்பைக் கரைக்க வழி செய்துவிடுகிறது.

இன்னும் ஃபிம்ப்ரியா என்ற ரோமம் மாதிரியான புரதங்களால் இன்டெக்ரினைப் பற்றிக்கொண்டு ஈறு செல்லுக்குள்ளேயே நுழைந்துவிடும், உள்ளே போனதும் செர்-பி என்ற நொதியை விட்டு, நியூட்ரோஃபிலை அழைக்கும் இன்டர்லூக்கின்-8 என்ற செய்தி தயாராகும் உத்தரவையே ரத்து செய்துவிடும். அதனால் அந்தச் செல்லுக்குள் கிருமி இருப்பது வெளியே நியூட்ரோஃபிலுக்குத் தெரியாது. அந்தச் செல் சீக்கிரம் செத்துப் போகாமலும் பார்த்துக்கொள்கிறது, குடியிருக்கும் வீடு இடியக் கூடாதில்லையா.

தூறல்:

செல்தட்டு, கை கூப்பி நன்றி. இரண்டு தடவை படித்தேன். அந்தப் பாசிமணி உருண்டு நிற்பதைப் படித்தபோது என் ஈறுக்குள் இப்போது அது நடக்கிறது என்று நினைத்து நாக்கால் கடைவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு சந்தேகம். இந்த நொதிகளை மட்டும் அடக்குகிற மாத்திரை இருக்கிறதா? அப்புறம் என் அம்மாவுக்கு முடக்குவாதம், கை மூட்டெல்லாம் வீங்கியிருக்கும். அவருக்கும் பல வருடமாக ஈறு சரியில்லை, முன்பற்கள் இரண்டு ஆடியே விழுந்தன. இரண்டுக்கும் தொடர்பு என்று எங்கேயோ ஒரு வரி பார்த்தேன். பயமுறுத்தாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

வெண்கடுகு:

முடக்குவாதத் தொடர்பை நான் சொல்கிறேன், அந்த நோயாளிகளோடுதான் என் வேலை. ஜிஞ்சிவாலிஸிடம் பிபிஏடி என்று இன்னொரு நொதி இருக்கிறது. ஜிஞ்சிபெயின் ஆர்ஜினினுக்கு அடுத்து வெட்டிவிட்டுப் போனதும், வெட்டுவாயில் நிற்கும் அந்த ஆர்ஜினினை இது சிட்ருலின் என்ற வேறு ஒன்றாக மாற்றும். 2010இல் வந்த ஆய்வில் நம்முடைய ஃபைப்ரினோஜென், ஈனோலேஸ் என்ற புரதங்களையே அது இப்படி மாற்றுவதைக் காட்டினார்கள். முடக்குவாதம் உள்ள பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் சிட்ருலின் ஏறிய புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கும், அம்மாவின் ரிப்போர்ட்டில் ஆன்டி-சிசிபி என்று பார்த்திருப்பீர்கள், அது இதைத்தான் அளக்கிறது. சொந்தப் புரதத்தில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால் உடம்பு அதை அந்நியன் என்று நினைத்துவிடுகிறது.

ஆக்ரிகேட்டிபாக்டர் என்ற இன்னொரு ஈறு கிருமி வேறு வழியாக அதே இடத்துக்கு வருகிறது. அதன் லூக்கோடாக்ஸின் என்ற புரதம் வெள்ளை அணுவின் மேலிருக்கும் எல்எஃப்ஏ-1 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு சவ்வில் ஓட்டை போடும். ஓட்டை வழியாகக் கால்சியம் உள்ளே பாயும், நியூட்ரோஃபிலின் சொந்த நொதிகள் கட்டுப்பாடு இழந்து அதன் புரதங்களையெல்லாம் சிட்ருலின் ஆக்கும். 2016இல் வெளியானது.

ஆனால் ஈறு நோய் வந்தவர்களுக்கெல்லாம் முடக்குவாதம் வருவதில்லை, முடக்குவாதம் உள்ள எல்லோருக்கும் இந்தக் கிருமிகள் இருப்பதும் இல்லை. மரபு, புகை என்று பல கை சேர வேண்டும். அம்மாவை ஒரு தடவை பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மூட்டுக்குச் சாப்பிடும் மருந்துகளில் எதிர்ப்பு சக்தியைக் குறைப்பவை இருக்கும், அந்தப் பட்டியலைக் கையோடு எடுத்துப் போங்கள். மூட்டு வீங்கிய கைக்கு மெல்லிய பிரஷ் காம்பைப் பிடிப்பதே கஷ்டம். ஒரு துண்டுத் துணியைக் காம்பில் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தாலே அவர்கள் தேய்ப்பது மாறிவிடும், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஈறுமருத்துவர்:

நான் ஈறு சிகிச்சை நிபுணர். மாத்திரை கேள்விக்கு வருகிறேன், அதற்கு முன் விட்டுப்போன ஒன்று, ஏன் வலிக்கவில்லை. பை மேலே வாயை நோக்கித் திறந்திருக்கிறது. உள்ளே ஊறும் சீழும் நீரும் வழிந்து வெளியே போய்விடுவதால் அழுத்தம் கட்டுவதில்லை. அந்த வாய் அடைபட்டால் ஒரே ராத்திரியில் கட்டி வீங்கி உயிர் போகிற மாதிரி வலிக்கும். வலி இல்லை என்பதை நோய் இல்லை என்று எடுத்துக்கொண்டு பத்து வருடம் கழித்து ஆடும் பல்லோடு வருபவர்களைத் தினமும் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசு கனக்கிறது. புகைப்பவர்களுக்கு இன்னும் மோசம், ரத்தக் கசிவுகூடக் குறைந்துபோய் அந்த ஒரு அறிகுறியும் மறைந்துவிடும்.

நொதியை அடக்கும் மருந்து முயன்றிருக்கிறார்கள், ஈறுக்காக அல்ல, அல்சைமர் நோய்க்காக. 2019இல் அல்சைமர் வந்து இறந்தவர்களின் மூளைத் திசுவில் ஜிஞ்சிபெயினைக் கண்டதாக ஓர் ஆய்வு வந்தது, பெரிய பரபரப்பு. அட்டுசாஜின்ஸ்டாட் என்ற ஜிஞ்சிபெயின் தடுப்பு மருந்தை 643 பேரிடம் சோதித்தார்கள். 2021இல் முடிவு வந்தபோது நினைவாற்றல் சரிவதை அது மொத்தக் குழுவில் தடுக்கவில்லை, சிலருக்குக் கல்லீரல் நொதிகளும் ஏறின. ஆக, அந்த மாதிரி மாத்திரை இப்போது கடையில் கிடையாது. "ஈறு கிருமிதான் மூளையைத் தின்கிறது" என்று சுற்றும் செய்திகளைப் பார்த்து நீங்கள் தூக்கம் கெட வேண்டாம்.

ஈறுக்கென்று இருப்பது வேறு மாதிரி. டாக்ஸிசைக்ளினை 20 மில்லிகிராம் என்ற சின்ன அளவில் கொடுப்பது உண்டு, அமெரிக்காவில் 1998இல் அனுமதித்தார்கள். அந்த அளவு கிருமியைக் கொல்லாது. நம் செல்களே விடும், கொலாஜன் என்ற ஈறின் நார்ப் புரதத்தை வெட்டும் நொதிகளை அது மட்டுப்படுத்தும். செல்தட்டு சொன்ன கதையோடு சேர்த்துப் பார்த்தால் இதன் பொருள் புரியும், பாதி சேதம் நம் பக்கத்திலிருந்து நடப்பதால் நம் பக்கத்தைக் கொஞ்சம் அடக்குகிற மருந்து அது. ஆனாலும் அது துணைக்குத்தான், எல்லோருக்கும் வேண்டியதும் இல்லை. முதல் வேலை வேர் வரைக்கும் சுத்தம் செய்வது. கிருமிகள் பற்படலத்துக்குள் பசை மாதிரியான கூட்டுக்குள் இருக்கின்றன, ஆன்டிபயாடிக் அதற்குள் சரியாக நுழையாது, வாய் கொப்பளிக்கும் மருந்து 6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்காது. கையால் சுரண்டியோ அல்ட்ராசோனிக் கருவியாலோ கலைத்தே ஆக வேண்டும்.

கலைத்துவிட்டால் என்ன ஆகும் என்றால், ரத்தக் கசிவு குறையும், கசிவு குறைந்தால் ஹீமும் புரதமும் வருவது குறையும், பை ஆழம் குறைந்தால் ஆக்ஸிஜன் வரும். ஹீம், புரதம், ஆக்ஸிஜன் இல்லாத இடம் என்று ஜிஞ்சிவாலிஸ் பிழைக்கத் தேவையான மூன்றும் சேர்ந்தே போகிறது. சுத்தம் செய்து ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து உங்கள் டாக்டர் அதே கம்பியை விட்டு மறுபடி அளப்பார். நான்கு மில்லிமீட்டருக்குள் வந்து, அளக்கும்போது ரத்தமும் வராவிட்டால் நல்ல செய்தி. 6 அப்படியே நின்றால் சின்ன அறுவை பற்றிப் பேசுவார், அதற்கும் கலங்க வேண்டாம். முதல் சில நாள் பல் கூச்சம் இருக்கும், ஈறு கொஞ்சம் கீழே இறங்கின மாதிரியும் தெரியும். வீக்கம் வற்றியதால் அப்படித் தெரிகிறது.

பல்லிடுக்கில் விடும் சின்ன பிரஷ்ஷை ஆரம்பித்துவிட்டீர்களா? கடைவாயில் சாதாரண பிரஷ் போகாத இடத்தில்தான் உங்கள் இரண்டு பையும் இருக்கின்றன.

தூறல்:

இல்லை டாக்டர், வாங்கி வைத்தும் ரத்தம் வருகிறதே என்று இரண்டு நாளில் நிறுத்திவிட்டேன். இன்று ராத்திரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன். சுத்தம் செய்ய வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், அம்மாவுக்கும் சேர்த்தே கேட்டுவிட்டேன். அவருடைய மருந்துப் பட்டியலை எழுதி எடுத்து வைத்தாகிவிட்டது.

ஈறுமருத்துவர்:

நல்லது. ரத்தம் வருகிற இடத்தில்தான் அந்த பிரஷ் போக வேண்டும், மெதுவாக. ஒரு வாரம், பத்து நாள் விடாமல் செய்தால் கசிவு குறைவது உங்களுக்கே தெரியும். குறையவில்லை என்றால் எந்தப் பல்லுக்குப் பக்கத்தில் என்று குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள், அவர் மறுபடி பார்க்க வேண்டிய இடம் அதுதான்.